விஎம் பேக்கப் கைவிட்டால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அவிநாசிப் பக்கம் எங்கள் சொந்தபந்தத்தில் ஆளுக்கொரு தொழில். ஒருத்தருக்கு பனியன் கம்பெனி, ஒருத்தருக்கு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி, ஒருத்தருக்கு நூல் கமிஷன். எல்லார் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது; அதற்குள் விண்டோஸ் 7 ஓடும் இன்னொரு பழைய கம்ப்யூட்டர், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் குடியிருக்கிறது. இந்த உள் கம்ப்யூட்டரைத்தான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்கிறோம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு கைகழுவிவிட்டது. ஆனால் பழைய கணக்கு மென்பொருளும் எம்ப்ராய்டரி டிசைன் மென்பொருளும் அதை விட்டு நகர மாட்டேன் என்கின்றன. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்தப் பழைய விண்டோஸைத் தூக்கிப்போடவும் வழியில்லை.

நான் படித்தது இதற்கில்லை. போன் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போகிற ஆள், அவ்வளவுதான். போன் பெரும்பாலும் மாதம் 10-ஆம் தேதி ராத்திரியும் 19-ஆம் தேதி ராத்திரியும் வரும். மறுநாள் ஜிஎஸ்டி கெடு என்பதால் அப்போதுதான் விஎம்-ஐத் திறந்தே பார்ப்பார்கள். திரும்பத் திரும்பப் பார்த்ததில் வந்த குறிப்புகள் இவை. பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸ் பற்றித்தான்; அதே வேலை செய்யும் விஎம்வேர், ஹைப்பர்-வி பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம்.

## எதையும் தொடும் முன்

நான் பார்த்த வீடுகளில் பழுதால் போன டேட்டாவைவிட, பழுது வந்த அரை மணி நேரத்தில் பதறிப்போய் அமுக்கின பட்டன்களால் போனதுதான் அதிகம். அதனால் முதல் வேலை, விர்ச்சுவல்பாக்ஸை மூடிவிட்டு, யூசர் ஃபோல்டருக்குள் "விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்" என்று இருக்கும் ஃபோல்டரில் அந்த மெஷினின் பெயருள்ள ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் காப்பி போடுவது. கெட்டுப்போனதாகத் தெரிந்தாலும் சரி, காப்பி போடுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 60 ஜிபி போக அரை மணி நேரம் ஆகும். நீல நிற 3.0 போர்ட்டில் பத்து நிமிடத்தை ஒட்டி முடியும். அந்த நேரத்தில் ஒரு டீ குடித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரே விலக்கு: டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் காப்பியும் வேண்டாம். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுக் கடைசித் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: பேக்கப் பாதியிலேயே நின்றுவிடுகிறது

### எப்போதும் 4 ஜிபி அளவில்தான் நிற்கிறது என்றால்

பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. டிரைவில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் "இடம் இல்லை" என்றோ "ஃபைல் பெரிது" என்றோ சொல்லும். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து "ப்ராப்பர்டீஸ்" பாருங்கள், ஃபைல் சிஸ்டம் என்ன என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்தால் தீர்ந்தது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கல்யாண போட்டோவோடு சேர்த்து ஃபார்மட் போட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

### ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்றால்

முதலில் கேபிளை மாற்றுங்கள். அடுத்து சிபியுவின் முன்பக்க போர்ட்டை விட்டு மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் பின்பக்க போர்ட்டில் குத்துங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் விட்டு விட்டு "டிங்" சத்தத்தோடு தொடர்பு அறுந்து சேர்வது பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும்.

### எக்ஸ்போர்ட் செய்யும்போது கம்ப்யூட்டரே அணைந்துவிடுகிறது என்றால்

இது எங்கள் ஊர் வியாதி. ஓவிஏ ஃபைலாக, அதாவது முழு மெஷினையும் ஒரே மூட்டையாக, எக்ஸ்போர்ட் செய்யும்போது விர்ச்சுவல்பாக்ஸ் டிஸ்க்கைச் சுருக்கிக்கொண்டே எழுதும். ப்ராசஸர் அரை மணி நேரம் மூச்சு விடாமல் உழைக்கும். நிட்டிங் மெஷின் ஓடும் கட்டடத்திலேயே ஆபீஸ் அறையும் இருந்தால், ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருக்கும். பில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இது தெரியாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது சூடேறி அணையும். மூடியைக் கழற்றி ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் அசுர வேகத்தில் சுற்றி அதன் பேரிங் போகும். சுத்தம் செய்தும் அணைகிறது என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும், பழக்கமில்லாதவர்கள் கடைக்குக் கொடுங்கள். அதுவரை எக்ஸ்போர்ட்டை விட்டுவிட்டு, மெஷினை ஷட் டவுன் செய்து ஃபோல்டரை அப்படியே காப்பி போடுங்கள். அதற்கு ப்ராசஸர் உழைப்பு தேவையில்லை.

### புத்தம் புது பென் டிரைவில் முடிந்தது போலக் காட்டிவிட்டு, திறந்தால் திறக்கவில்லை என்றால்

அடிமாட்டு விலைக்கு "2 டெராபைட்" என்று வாங்கினதா? உள்ளே 32 ஜிபிதான் இருக்கும். மீதி வெறும் ஸ்டிக்கர். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு அளவுக்கும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: மீட்டாகிவிட்டது, மெஷின் ஓடுகிறது, ஆனால் உள்ளே பழைய கணக்குதான் இருக்கிறது

இதுதான் அதிகம் அழவைத்த பழுது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போன ஆடிமாதம் மாமா போன் செய்தார். "ஏனுங் மாப்ள, நீங்க சொன்ன மாதிரியே அந்த வீடிஐ ஃபைலைத்தான் வாராவாரம் எடுத்து வெச்சனுங்க. இப்பப் போட்டுப் பாத்தா சித்திரை மாசத்துக்கு மேல ஒரு பில்லுங் காணோமுங்க!" எடுத்து வைத்ததும் உண்மை, காணோம் என்பதும் உண்மை. வீடிஐ என்பது விஎம்மின் டிஸ்க் முழுவதும் அடங்கிய ஃபைல். சித்திரையில் அவர் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது பிறகு திரும்பிப் போக மெஷினின் அன்றைய நிலைக்கு ஒரு குறி, எடுத்திருந்தார். அதை மறந்தே போய்விட்டார்.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து மூல வீடிஐ ஃபைல் அப்படியே உறைந்துவிடும். அதன் பிறகு நீங்கள் போடும் ஒவ்வொரு பில்லும் "ஸ்னாப்ஷாட்ஸ்" என்ற உள் ஃபோல்டரில், நெளிந்த அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணும் எழுத்துமாகப் பெயருள்ள இன்னொரு வீடிஐ ஃபைலில் போய் எழுதப்படும். மூல ஃபைலை மட்டும் வாராவாரம் காப்பி போட்டால் வாராவாரம் அதே சித்திரையைத்தான் காப்பி போடுகிறீர்கள்.

### பழைய கம்ப்யூட்டர் இன்னும் கையில் இருக்கிறது என்றால்

கவலையில்லை. அதில் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர் இருக்கிறதா, மூல வீடிஐயின் தேதியைவிடப் புதிய தேதியில் அதற்குள் ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மெஷின் ஃபோல்டர் முழுவதையும், அதாவது மெஷினின் அமைப்பு எழுதியிருக்கும் விபாக்ஸ் ஃபைல், மூல வீடிஐ, ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர் மூன்றையும் சேர்த்துப் புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, விர்ச்சுவல்பாக்ஸில் "மெஷின்" மெனுவில் "ஆட்" கொடுத்து விபாக்ஸ் ஃபைலைக் காட்டுங்கள். மூல வீடிஐயை மட்டும் எடுத்துப் புது மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓட்டின நொடியில் அதில் புதிதாக எழுதப்படும். ஸ்னாப்ஷாட் ஃபைல்கள் சங்கிலிக் கண்ணி மாதிரி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, சங்கிலி அறுந்துவிடும். மாமா வீட்டில் பழைய கம்ப்யூட்டர் மச்சாண்டாருக்குக் கொடுத்துப் பல்லடத்தில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தோம், நல்லவேளை, யாரும் ஃபார்மட் செய்யவில்லை.

### நீங்களே "ரீஸ்டோர்" பட்டனை அமுக்கிவிட்டீர்கள் என்றால்

ஸ்னாப்ஷாட் பட்டியலில் பழையதைத் தேர்ந்து ரீஸ்டோர் கொடுத்தால் இன்றைய நிலையைத் தூக்கிப்போட்டுவிட்டு அன்றைய நிலைக்குப் போகும். அப்போது "இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுக்கட்டுமா" என்று ஒரு டிக் கட்டம் வரும். அந்த டிக்கை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தால் பட்டியலில் இன்னொரு ஸ்னாப்ஷாட் இருக்கும், அதற்குத் திரும்பிக்கொள்ளலாம். டிக்கை எடுத்துவிட்டிருந்தால் அந்தப் புது ஃபைல் அழிந்துவிட்டது. எஸ்எஸ்டி என்றால் அழிந்த இடத்தை டிரிம் என்ற தானாக நடக்கும் துப்புரவு வேலை சீக்கிரமே துடைத்துவிடும். உடனே ஷட் டவுன் செய்துவிட்டு நிபுணரிடம் போவது ஒன்றே வழி. அதிலும் வாக்குக் கொடுக்க முடியாது.

### ஸ்னாப்ஷாட்டே எடுக்கவில்லை, ஆனாலும் கணக்கு இல்லை என்றால்

ஷேர்டு ஃபோல்டரைப் பாருங்கள். பல பேர் கணக்கு டேட்டாவை விஎம்முக்குள் வைக்காமல், வெளியே இருக்கும் ஹோஸ்ட் கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைத்து ஷேர்டு ஃபோல்டராக உள்ளே காட்டியிருப்பார்கள். ஓவிஏ எடுத்தாலும், மெஷின் ஃபோல்டர் முழுவதையும் காப்பி போட்டாலும் அது வராது. மெஷினின் "செட்டிங்ஸ்" பக்கத்தில் "ஷேர்டு ஃபோல்டர்ஸ்" என்ற இடத்தில் எந்தப் பாதை என்று எழுதியிருக்கும். அந்தப் பாதையைத் தனியாகப் பேக்கப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஆட்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒரே டிஸ்க்கில் இருப்பது எப்படிங்க பேக்கப் ஆகும்? வீட்டுச் சாவிக்கு இன்னொரு சாவி செய்து, அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற மாதிரி.

## அறிகுறி: கரண்ட் போய் வந்ததும் மெஷின் பெயருக்குப் பக்கத்தில் "இன்அக்ஸெஸிபிள்" என்று வருகிறது

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை எடுப்பார்கள், அது பேப்பரில் முன்னாடியே வரும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன வீட்டில், பேப்பர் படிக்காத நாளில், இது நடக்கும்.

முதலில் ஒன்று. இந்த நேரத்தில் மெஷினை "ரிமூவ்" செய்து திரும்பச் சேர்க்கலாம் என்று தோன்றும். ரிமூவ் கொடுத்தால் இரண்டு வழி கேட்கும்: பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பது, ஃபைல்களையும் சேர்த்து அழிப்பது. பதிப்புக்குப் பதிப்பு வாசகம் மாறுவதால் படிக்காமல் அமுக்கி, முழு மெஷினையும் அழித்தவர்கள் இருக்கிறார்கள். அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. கீழே இருப்பதைப் பார்த்து முடிக்கும் வரை அந்தப் பட்டன் பக்கமே போக வேண்டாம்.

### விஎம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கிறது என்றால்

டிரைவ் எழுத்து மாறியிருக்கும். நேற்று ஈ, இன்று எஃப். விண்டோஸின் "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறந்து பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் "ரிஃப்ரெஷ்" கொடுங்கள். செலவு இல்லாத பழுது.

### விபாக்ஸ் ஃபைல் கெட்டிருக்கிறது என்றால்

மெஷின் ஃபோல்டரில் விபாக்ஸ் ஃபைலின் அளவைப் பாருங்கள். சாதாரணமாகச் சில கேபி இருக்கும். 0 கேபி என்று காட்டினாலோ, நோட்பேடில் திறந்தால் வெற்றிடமாகவோ கிறுக்கலாகவோ இருந்தாலோ அதுதான் நோய். பக்கத்திலேயே அதே பெயரில் கடைசியில் "ப்ரெவ்" என்று முடியும் ஃபைல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு தடவை அமைப்பை மாற்றி எழுதும் முன்பும் விர்ச்சுவல்பாக்ஸ் முந்தையதை அந்தப் பெயரில் ஒதுக்கி வைக்கும். கெட்ட ஃபைலுக்குப் பழையது என்று வேறு பெயர் வையுங்கள். ப்ரெவ் ஃபைலைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியின் பெயரிலிருந்து "ப்ரெவ்" பகுதியை நீக்குங்கள். ரிஃப்ரெஷ். முக்கால்வாசி வீடுகளில் மெஷின் இங்கேயே எழுந்து உட்கார்ந்துவிட்டது.

### ப்ரெவ்வும் கெட்டிருக்கிறது என்றால்

ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லையென்றால் எளிது. புது மெஷின் ஒன்று உருவாக்கி, டிஸ்க் கேட்கும் இடத்தில் "ஏற்கெனவே உள்ள டிஸ்க்" என்பதைத் தேர்ந்து பழைய வீடிஐயைக் காட்டுங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தால் எந்த ஃபைல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற வம்சாவளி அந்த விபாக்ஸ் ஃபைலில்தான் இருந்தது. அதைக் கையால் திரும்பக் கட்டலாம், ஆனால் முதல் தடவை செய்கிறவர் செய்ய வேண்டிய வேலை இல்லை. பழைய பேக்கப்பில் விபாக்ஸ் ஃபைல் மட்டுமாவது கிடைக்கிறதா பாருங்கள். அந்தப் பேக்கப்புக்குப் பிறகு புது ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கவில்லை என்றால் அது போதும். கிடைக்கவில்லையென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

### "இது புதிய பதிப்பில் செய்த அமைப்பு" என்ற பொருளில் செய்தி வந்தால்

மீட்கிற கம்ப்யூட்டரில் பழைய விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. புதியதை நிறுவுங்கள். அவ்வளவுதான்.

## அறிகுறி: டிஸ்க்கைச் சேர்க்கும்போது "இதே யூயூஐடி ஏற்கெனவே இருக்கிறது" என்கிறது

ஒவ்வொரு வீடிஐ ஃபைலுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. எக்ஸ்ப்ளோரரில் காப்பி போட்டால் அந்த எண்ணும் சேர்ந்தே காப்பி ஆகும். மூலமும் காப்பியும் ஒரே பட்டியலில் இருக்க விர்ச்சுவல்பாக்ஸ் விடாது.

மூலம் இனி வேண்டாம் என்றால், "டூல்ஸ்" பகுதியில் "மீடியா" திறந்து பழையதைத் தேர்ந்து, ஏதாவது மெஷினில் மாட்டியிருந்தால் முதலில் "ரிலீஸ்", பிறகு "ரிமூவ்". அழிக்கட்டுமா வைக்கட்டுமா என்று கேட்கும், "கீப்" கொடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் எக்ஸ்ப்ளோரரில் காப்பி போடாமல் இதே மீடியா பக்கத்தில் இருக்கும் "காப்பி" மூலம் போடுங்கள், அது புது எண் கொடுத்து எழுதும்.

## அறிகுறி: ஓவிஏ ஃபைல் இம்போர்ட் ஆக மறுக்கிறது

சட்டென்று செய்தி வந்து நின்றால் காப்பி அரைகுறை. மூல ஓவிஏ எங்காவது இருந்தால் இரண்டின் மேலும் ரைட் கிளிக் செய்து செவன்-ஜிப் என்ற மென்பொருளின் மெனுவில் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் காப்பி தவறு, திரும்பப் போடுங்கள்.

மூலம் இல்லையென்றால்? ஓவிஏ என்பது டார் மூட்டைதான். செவன்-ஜிப்பில் திறந்தால் உள்ளே ஓவிஎஃப் என்ற விவரச் சீட்டும், விஎம்டிகே என்ற டிஸ்க்கும், எம்எஃப் என்ற சரிபார்ப்புச் சீட்டும் இருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். விஎம்டிகே பிழையில்லாமல் வெளியே வந்துவிட்டால், எம்எஃப் ஃபைலை மட்டும் ஒதுக்கிவிட்டு ஓவிஎஃப்-ஐ இம்போர்ட் செய்து பார்க்கலாம். சரிபார்ப்புச் சீட்டு இல்லையென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் ஒப்பிடாது. ஆனால் சீட்டு ஒத்துவரவில்லை என்றால் எங்கோ கெட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். மெஷின் எழுந்தால் முதல் வேலையாகக் கணக்கு டேட்டாவை வெளியே எடுத்து வேறு இடத்தில் திறந்து பாருங்கள். அந்த மெஷினை நம்பிப் புது பில் போடாதீர்கள். விஎம்டிகே வெளியே வரும்போதே பிழை வந்தால் அந்தப் பேக்கப்பை மறந்துவிட்டு அதற்கு முந்தையதைத் தேடுங்கள்.

சொல்ல மறந்தேன். ஓவிஏவில் ஸ்னாப்ஷாட்கள் வராது, எக்ஸ்போர்ட் செய்த நேரத்து நிலை மட்டும் ஒன்றாக வரும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. சங்கிலி இல்லை, அறுவதற்கும் ஒன்றுமில்லை.

## அறிகுறி: மெஷின் பட்டியலில் வந்துவிட்டது, ஸ்டார்ட் கொடுத்தால் எழ மாட்டேன் என்கிறது

### செய்தியில் "விடி-எக்ஸ்" அல்லது "எஸ்விஎம்" என்று இருந்தால்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸில், விஎம் ஓட்டத் தேவையான விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கிறது. இன்டெல் போர்டில் "விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி", ஏஎம்டி போர்டில் "எஸ்விஎம் மோட்" என்று இருக்கும். ஆன் செய்து சேமியுங்கள்.

நேற்று வரை ஓடினது இன்று இப்படிச் சொல்கிறதா? கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத மறுநாள் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பயாஸ் தன் பழைய அமைப்புக்கே போய்விடும். வாட்ச் கடையில் கிடைக்கிற பேட்டரிதான். இதைத் தெரியாமல் விண்டோஸையே திரும்ப நிறுவி, காசும் வாங்கிக்கொண்டு போனார்கள் எங்கள் பெரியப்பா வீட்டில்.

### கறுப்புத் திரையில் பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால்

புது மெஷின் உருவாக்கிப் பழைய வீடிஐயை மாட்டினவர்களுக்கு வரும். "செட்டிங்ஸ்", "சிஸ்டம்" பக்கத்தில் "இஎஃப்ஐ" என்ற டிக்கைப் பாருங்கள். பழைய மெஷினில் அது இருந்து இதில் இல்லையென்றாலும், அதில் இல்லாமல் இதில் இருந்தாலும் பூட் ஆகாது. மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் கெடாது. டிஸ்க் மாட்டவே மறந்திருக்கிறதா என்றும் "ஸ்டோரேஜ்" பக்கத்தில் ஒரு கண் போடுங்கள்.

### விண்டோஸ் லோகோ வந்து நீலத் திரையாகிறது என்றால்

ஸ்டோரேஜ் பக்கத்தில் டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் மாட்டியிருக்கிறது பாருங்கள். பழைய மெஷினில் ஐடிஇயில் இருந்ததை இப்போது சாட்டாவில் மாட்டியிருந்தால் பழைய விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாது. பழையபடி மாட்டுங்கள். கன்ட்ரோலர் சரியாக இருந்தும் நீலத் திரை வந்தால், பெரும்பாலும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்திருப்பீர்கள். பாதி எழுதின நிலையில் எடுத்த காப்பி அது. விண்டோஸின் "ஸ்டார்ட்அப் ரிப்பேர்" ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நிச்சயம் காப்பியின் மேல்தான் ஓட்ட வேண்டும், மூலத்தின் மேல் இல்லை. எழவில்லை என்றால், ஓடுகிற இன்னொரு விஎம்மில் இந்த வீடிஐயை இரண்டாவது டிஸ்க்காக மாட்டிக் கணக்கு ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் போனால் போகட்டும், கணக்குதானே வேண்டும்?

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள்ளேயே விஎம்-ஐ வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். மூடின பிறகு எடுத்த ஓவிஏவை மட்டும் அங்கே ஏற்றுங்கள்.

### "சேவ்டு" நிலையில் இருந்து திரும்ப மறுக்கிறது என்றால்

ஷட் டவுன் செய்யாமல் "சேவ்" கொடுத்து மூடின மெஷினை வேறு ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டரில் மீட்டால் வரும். "டிஸ்கார்ட் சேவ்டு ஸ்டேட்" கொடுங்கள். ஓடுகிற கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினதற்குச் சமம்: அப்போது திறந்திருந்து சேமிக்காத வேலை போகும், டிஸ்க்கில் எழுதினது இருக்கும். பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடினால், அதில் ஒரு தடவை திறந்து முறையாக ஷட் டவுன் செய்துவிட்டுக் காப்பி எடுப்பது இதைவிட உத்தமம்.

### நெட்வொர்க் அடாப்டர் கிடைக்கவில்லை என்றால்

"பிரிட்ஜ்டு" வகையில் பழைய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு பெயர் உட்கார்ந்திருக்கிறது. "நெட்வொர்க்" பக்கத்தில் புது கார்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லை "நாட்" வகைக்கு மாற்றுங்கள்.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் டாங்கிள் தெரியவில்லை, லைசென்ஸ் கேட்கிறது

எம்ப்ராய்டரி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது பட்டது. டிசைன் மென்பொருளின் லைசென்ஸ் சாவியான யூஎஸ்பி டாங்கிள் வெளியே ஹோஸ்ட்டில் தெரியும், உள்ளே தெரியாது. "செட்டிங்ஸ்" பக்கத்தில் யூஎஸ்பி கன்ட்ரோலர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் யூஎஸ்பி 2.0, 3.0 இரண்டும் உள்ளேயே வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்பில் எக்ஸ்டென்ஷன் பேக் தனியாகப் போட வேண்டும். விண்டோஸ் 7 என்றால் 2.0 வையுங்கள், 3.0-க்கு அதனிடம் டிரைவர் கிடையாது. பிறகு டாங்கிளைக் குத்தி, அதே பக்கத்தில் ஃபில்டராகச் சேருங்கள்.

டாங்கிள் இல்லாத மென்பொருள் லைசென்ஸ் கேட்டால், மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், மாறியிருக்கலாம். இம்போர்ட் செய்யும்போது "மேக் அட்ரஸ் பாலிசி" என்ற இடத்தில் எல்லா அடாப்டரின் முகவரியையும் வைத்துக்கொள் என்று தேர்ந்து, திரும்ப இம்போர்ட் செய்து பாருங்கள். அதன் பிறகும் கேட்டால் மென்பொருள் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். பழைய, புதிய இரண்டு மெஷினையும் ஒரே முகவரியோடு ஒரே நேரத்தில் ஓட்டினால் நெட் தகராறு செய்யும். ஒன்றை மூடியே வையுங்கள்.

## அறிகுறி: நத்தை மாதிரி ஓடுகிறது

விஎம் ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமை படம் தெரிகிறதா? ஹோஸ்ட் விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" பட்டியலில் ஹைப்பர்-வி தொடர்பானவற்றையும், "கோர் ஐசொலேஷன்" பக்கத்தில் "மெமரி இன்டெக்ரிட்டி"யையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் ஆமை போகும். இரண்டாவது ஒரு பாதுகாப்பு அம்சம் என்பதால், வேகம் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நான் தொடமாட்டேன். ஆமை இல்லாமலே மெதுவாக ஓடினால், விஎம்-ஐ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்தே நேராக ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

## விஎம்வேர், ஹைப்பர்-வி வைத்திருப்பவர்களுக்கு

விஎம்வேரில் "இந்த மெஷின் உபயோகத்தில் இருக்கிறது" என்று பிடிவாதம் பிடித்தால், மெஷின் நிஜமாகவே மூடியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, ஃபோல்டருக்குள் "எல்சிகே" என்று முடியும் ஃபோல்டர்களை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். கரண்ட் போனதில் மிச்சமான பூட்டு அது. மீட்டதும் "நகர்த்தினாயா, காப்பி எடுத்தாயா" என்று கேட்கும். பழையது இனி ஓடாது என்றால் நகர்த்தினேன் என்று சொல்லுங்கள், லைசென்ஸ் தகராறு குறையும். ஹைப்பர்-வியில் ஏவிஎச்டிஎக்ஸ் என்று முடியும் ஃபைல் தென்பட்டால் அதுவும் ஸ்னாப்ஷாட் சங்கிலிதான். கையால் காப்பி போடாமல் "எக்ஸ்போர்ட்" கொடுத்தே எடுங்கள்.

## அறிகுறி: டிஸ்க்கிலிருந்து சத்தம், ஃபைல் காப்பி ஆகாமல் தொங்குகிறது

சத்தம் இல்லை, மெதுவாக மட்டும் இருக்கிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். நீலம் நன்று. மஞ்சளில் "காஷன்" என்று இருந்தால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாமல், முதலில் முக்கியமான கணக்கு ஃபோல்டர், அடுத்து வீடிஐ என்ற வரிசையில் வெளியே எடுங்கள். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மேலும் கீழும் ஓடவிடுகிற வேலை அது. சிவப்பு என்றால் உங்கள் கைவேலை முடிந்தது.

டக் டக் சத்தம், டிஸ்க் பயாஸிலேயே தெரியவில்லை, கீழே விழுந்தது, அழித்த வீடிஐ எஸ்எஸ்டியில் இருந்தது: இந்த நான்கில் எது என்றாலும் அந்த நிமிடமே அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி மட்டுமே செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். பக்கத்து மொபைல் கடையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எடுத்துப் போனால் தூசி விழுந்த டிஸ்க் என்று அவர்களும் கைவிரிப்பார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

போகும்போது இவற்றைக் கேளுங்கள்: பார்த்துச் சொல்ல எவ்வளவு, எடுக்க முடியாவிட்டால் காசு உண்டா, எந்த ஃபைல்கள் கிடைக்கும் என்று பணம் கட்டும் முன் பட்டியல் காட்டுவார்களா. உங்கள் பக்கம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியது, மெஷின் ஃபோல்டரின் பெயர், வீடிஐயின் பெயரும் சுமார் அளவும், ஸ்னாப்ஷாட் இருந்ததா இல்லையா. டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணும், வீடிஐயை விர்ச்சுவல்பாக்ஸில் என்கிரிப்ட் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்டும் தேவைப்படும். அவை இல்லாமல் டிஸ்க்கை எவ்வளவு சுத்தமாக மீட்டாலும் உள்ளே இருப்பதை ஒருவராலும் படிக்க முடியாது. பிட்லாக்கர் எண் பெரும்பாலும் விண்டோஸில் நுழையப் பயன்படுத்தின மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமித்திருக்கும்; பஸ் ஏறும் முன் போனிலேயே அதைத் திறந்து எழுதிக்கொள்ளுங்கள்.